செவ்வாய் காலை எட்டு முதல் எட்டரை வரை

இந்த நாட்டில் டாக்டரைப் பார்ப்பதற்கு மட்டுமல்ல, டாக்டருக்குப் போன் செய்வதற்கும் நேரம் உண்டு. என் டாக்டருக்கு அது செவ்வாய்க்கிழமை காலை எட்டிலிருந்து எட்டரை வரை. எட்டுக்கு ஒரு நிமிடம் முன்னால் அழைத்தால் பதிவு செய்த குரல் பேசும். எட்டு அடித்ததும் அழைத்தால் லைன் கிடைக்காது. எட்டரைக்கு மறுபடியும் அதே குரல், நல்ல நாளாக அமையட்டும் என்று வாழ்த்தும். ஜெர்மனியின் கிழக்கு ஓரத்தில், பழுப்பு நிலக்கரி தோண்டும் பகுதியில் இருக்கிற பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றில் எனக்கு இது இரண்டாவது வருடம். நெய்வேலிக்காரிக்கு ஏற்ற ஊர்தான், மைன்ஸை விட்டு மைன்ஸுக்கே போகிறாய் என்று தோழிகள் கேலி செய்து அனுப்பினார்கள்.

ஒரு சனிக்கிழமை, சூப்பர் மார்க்கெட் வரிசையில் கையில் தயிர் டப்பாவோடு நின்றிருந்தபோது நெஞ்சு அடித்துக்கொண்டது. கை மரத்தது, மூச்சு ஏறவில்லை. செத்துப்போகிறேன் என்றே நினைத்தேன். தயிரை வைத்துவிட்டு வெளியே வந்து நடைபாதையில் உட்கார்ந்தேன். அடுத்த வாரம் டிராமில், அதற்கடுத்த வாரம் ஆய்வகத்தில். குடும்ப மருத்துவர் ஈசிஜி எடுத்துப் பார்த்து, இதயத்தில் ஒரு குறையும் இல்லை என்றார். மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்லி ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். மாதாமாதம் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்ளும் அரசுக் காப்பீடு இருக்கிறது, அதற்குரிய அட்டையும் பர்ஸில் இருக்கிறது, இனி என்ன கவலை என்று நினைத்தேன்.

பதினேழு இடங்களுக்கு அழைத்தேன். பதினாறு இடங்களில் புது நோயாளிகளைச் சேர்ப்பதில்லை என்றார்கள். பதினேழாவது இடத்தில் ஒரு பெண்மணி இனிமையாக, "கெஸெட்ஸ்லிஷ், ப்ரிவாட்?" என்று கேட்டார். கெஸெட்ஸ் என்றால் சட்டம் என்பது வகுப்பில் படித்தது. கோர்ட்டு கேஸா, சொந்த விஷயமா என்று கேட்கிறார் போலிருக்கிறது என்று எண்ணி, "ப்ரிவாட். முழுக்க முழுக்க ப்ரிவாட்" என்று அழுத்திச் சொன்னேன். வியாழக்கிழமையே வரச் சொல்லிவிட்டார். போய் அட்டையை நீட்டியபோதுதான் விளங்கியது. கெஸெட்ஸ்லிஷ் என்பது என்னைப் போன்றவர்களின் அரசுக் காப்பீடு. ப்ரிவாட் என்பது வசதியுள்ளவர்கள் எடுக்கும் தனியார் காப்பீடு. இங்கே அது மட்டும்தான் செல்லும். நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்று சொன்னதும் அந்த அம்மாள் சிரித்துவிட்டார், பிறகு சிரித்ததற்காக வருத்தப்பட்டார். உள்ளே போய் ஒரு துண்டுத் தாளோடு திரும்பினார். நாற்பது நிமிட ரயில் தூரத்தில் வயதான பெண் டாக்டர் ஒருவர் இருக்கிறார், இந்த அட்டையை எடுத்துக்கொள்வார், செவ்வாய்க்கிழமை மட்டும் போன் எடுப்பார், விட்டுவிடாதீர்கள் என்றார். நான்காவது செவ்வாயில் லைன் கிடைத்தது.

டாக்டர் அவசரப்படவில்லை. தூக்கம், சாப்பாடு, வேலை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்திருக்கிறதா என்றார். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் பண்ருட்டி ஞாபகம் வந்தது.

அப்பா மைன்ஸில் கன்வேயர் பிரிவில் பர்மனன்ட். டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் எங்களுக்கு எல்லா வைத்தியமும் இலவசம். ஜலதோஷம் என்றால்கூட அங்கேதான் ஓடுவோம். ஆனால் மாதத்தில் ஒரு நாள், ஷிப்ட் இல்லாத காலையில், அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பண்ருட்டிக்குப் பஸ் ஏறுவார். பலாப்பழம் வாங்கி வரப் போவதாகச் சொல்வார். ஐப்பசி மழையிலும் பலாப்பழம் வாங்கக் கிளம்பியவர் எங்கள் பிளாக்கில் அவர் ஒருவர்தான். திரும்பும்போது பையில் முந்திரிப் பருப்பு இருக்கும். எனக்குப் பன்னிரண்டு வயதில், முந்திரிக்கு அடியில் மாத்திரை அட்டை ஒன்றைக் கண்டெடுத்தேன். "அது கேஸ் மாத்திரடி, வச்சிடு" என்றார் அம்மா. ஆஸ்பத்திரிச் சீட்டு கொடுக்கும் இடத்தில் இருந்தவர் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அக்கா. அவருக்குத் தெரிந்தால் சாயங்காலத்துக்குள் பிளாக் முழுக்கத் தெரிந்துவிடும். இலவச வைத்தியத்தை விட்டுவிட்டுக் கைக்காசு போட்டு மனநல டாக்டரைப் பார்க்க அப்பா அத்தனை தூரம் போனது அதனால்தான் என்று ஜெர்மன் டாக்டரின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது எனக்குப் புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவை அழைத்து, தனியாகப் பேச வேண்டும் என்றேன். ஓய்வு பெற்றபின் அப்பாவும் அம்மாவும் சேத்தியாத்தோப்புப் பக்கம் வீடு கட்டிக்கொண்டு இருக்கிறார்கள். அம்மாவை டீ போடச் சொல்லி அனுப்பிவிட்டு அப்பா போனோடு வாசலுக்கு வந்தார். பண்ருட்டிக்கு எதற்குப் போவீர்கள் என்று நேராகவே கேட்டேன்.

"எதுக்குக் கேக்குற?"

"எனக்கும் வந்திருக்குப்பா."

"டாக்டரு கெடச்சாரா?"

"கெடச்சாங்க. லேடி டாக்டரு."

"மாத்திர குடுத்தா நடுவுல நிறுத்திடாதம்மா. சரியாப் பூடுச்சின்னு நெனச்சிகினு நான் ரெண்டு வாட்டி நிறுத்தினேன். ரெண்டு வாட்டியும் பட்டேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "அங்க தெரிஞ்சவங்க யாரும் பாத்துடலியே?" என்றார்.

"இங்க என்னை யாருக்குமே தெரியாதுப்பா."

"அது நல்லதா கெட்டதான்னு தெரியலியேம்மா" என்றார். அம்மா டீயோடு வந்ததும் பேச்சு மழைக்குத் திரும்பிவிட்டது.

இப்போது சூப்பர் மார்க்கெட்டில் தயிர் வாங்கி முடித்துவிடுகிறேன். எல்லா வாரமும் இல்லை, பெரும்பாலும். மாதம் ஒருமுறை ரயில் ஏறுகிறேன். ஜன்னலுக்கு வெளியே சுரங்கத்தின் விளிம்பு நெடுந்தூரம் கூடவே வரும்.

இரண்டாவது தடவை போனபோது வரவேற்பில் ஒரு படிவம் கொடுத்தார்கள். அவசரத்துக்கு யாரை அழைக்கலாம் என்ற இடத்தில் கலியபெருமாள் என்று அப்பா பெயரை எழுதினேன். கட்டங்கள் போதவில்லை. எண்ணையும் எழுதினேன். அங்கிருந்த பெண் அதைப் பார்த்துவிட்டு, இது எந்த நாடு என்று கேட்டார். சொன்னேன். உடனே வந்து சேரக்கூடிய ஆள் யாராவது வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார். யோசித்துப் பார்த்து, கீழ் வீட்டு அம்மாள் ஃபிராவ் லேமனின் எண்ணைக் கொடுத்தேன். அவர் ஊருக்குப் போகும்போது செடிகளுக்கு நான்தான் தண்ணீர் ஊற்றுவேன். அப்பாவின் வரியை அடிப்பதற்காக அந்தப் பெண் பேனாவைக் கொண்டுபோனார். அது இருக்கட்டும் என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். வரியை அடிக்கவில்லை. ஃபிராவ் லேமனின் எண்ணை அதற்கு மேலே இருந்த இடைவெளியில் நுணுக்கி எழுதினார். பிறகு என் அப்பாவின் பெயருக்குப் பக்கத்தில், எனக்கும் படிக்க முடிகிற மாதிரி, "ஃபாட்டர், இண்டியன்", அதாவது அப்பா, இந்தியா என்று எழுதிப் படிவத்தைக் கோப்பில் வைத்தார்.