சமணர்களைக் காட்டச் சொன்னவர்கள்

வழிகாட்டித் தொழிலில் இருப்பதைக் காட்டுவது பெரிய வேலையே இல்லை. இல்லாமல் போனதைக் காட்டச் சொல்லும்போதுதான் நாக்கு வறண்டு போகும்.

வெளியூர் விருந்தாளியைக் கூட்டிக்கொண்டு சொந்த ஊரைச் சுற்றிக் காட்டியவர்கள் எல்லோருக்கும் இந்த அவஸ்தை தெரிந்திருக்கும். "இது என்ன மரம்?" என்று கேட்பார்கள். நாற்பது வருஷமாக அதன் கீழே பஸ்ஸுக்கு நின்றிருப்போம், பெயர் தெரியாது. நான் இதையே பிழைப்பாக வைத்திருக்கிறவள். கண்டி மஹய்யாவையில் பிறந்து, நகரசபைத் தொழிலாளியின் நாலாவது மகளாக வளர்ந்து, மூன்று மொழியையும் தட்டுத்தடுமாறிக் கற்று, வழிகாட்டி பேட்ஜைச் சட்டையில் குத்திக்கொண்டு இருபது வருஷத்துக்கு மேலாகிறது. தலதா மாளிகையையும் பேராதனைப் பூங்காவையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பதில் தேட எனக்குப் பல வருஷம் பிடித்தது. அந்தக் கதை இது.

இருட்டுவதற்கு முன்

போரை நிறுத்திவிட்டுச் சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம். குஜராத்திலிருந்து ஆறு பேர் வந்தார்கள். சமணர்கள். வெங்காயம், பூண்டு, கிழங்கு எதுவும் ஆகாது, பொழுது சாய்ந்துவிட்டால் சாப்பாடே கிடையாது என்று முன்கூட்டியே எழுதியிருந்தார்கள். கண்டி ஹோட்டலில் ஐந்தரைக்கெல்லாம் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்துவிட்டு, கொழும்பிலிருந்து அவர்களை ஏற்றிக்கொண்டு வந்தோம். கண்டிக்குக் கிட்டே பிலிமத்தலாவையில் ஒரு லொறி பாதைக்குக் குறுக்கே பழுதாகி நின்றுவிட்டது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. கடைகளில் ஒவ்வொன்றாக விளக்கு எரிய ஆரம்பித்தது. வேனுக்குள் இருந்த ஆறு பேரும் ஜன்னல் வழியாக வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஹோட்டலுக்குப் போனபோது நன்றாக இருட்டிவிட்டது. மேசையில் சோறும் பருப்பும் பூசணிக்காய்க் கறியும் மூடி வைத்திருந்தது. பகல் முழுக்க வெயிலில் அலைந்தவர்கள், அந்தச் சாப்பாட்டைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். ஒருவர் முகத்திலும் கோபம் இல்லை. எனக்குத்தான் அழுகை வந்தது. மன்னிப்புக் கேட்கப் பின்னாலேயே போனேன். அவர்களில் மூத்தவர் ஒரு பல் வைத்தியர். படியில் நின்று திரும்பி, நான் கேட்க வந்ததையே மறக்கடிக்கிற மாதிரி ஒன்றைக் கேட்டார்: "ஒரு காலத்தில் எங்கள் ஆட்கள் இந்தத் தீவில் இருந்தார்களாம். அவர்கள் இருந்த இடத்தை நாளைக்குக் காட்ட முடியுமா?"

ஒரு பக்கம்

காட்ட முடியவில்லை. அப்படி ஒரு கூட்டம் இங்கே இருந்ததே எனக்குத் தெரியாது. அவர்கள் ஊருக்குத் திரும்பிய பிறகும் அந்தக் கேள்வி என்னைவிட்டுப் போகவில்லை. வேலை இல்லாத நாளில் ஒரு நூலகத்துக்குப் போனேன். அங்கே பொறுப்பாக இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர், சிவஞானம் என்று பெயர். எதைக் கேட்டாலும் "ஓம், பாப்பம்" என்று எழுந்து போய், அலுமாரிகளுக்கு நடுவில் காணாமல் போய்விடுவார்.

அன்றைக்கு இரண்டு மணித்தியாலம் கழித்து வந்தார். அவர் எடுத்துச் சொன்னது இதுதான். இந்தத் தீவுக்குப் பௌத்தம் வருவதற்கு முன்பே அநுராதபுரத்தில் சமண முனிவர்கள் இருந்திருக்கிறார்கள். அரசனே அவர்களுக்கு வீடு கட்டிக் கொடுத்திருக்கிறான். வடக்கு வாசலுக்குப் பக்கத்தில் அவர்களுடைய மடம். இருநூறு, முந்நூறு வருஷம் கழித்து வேறொரு அரசன் போரில் தோற்று அந்த வழியாகத் தப்பி ஓடுகிறான். மடத்திலிருந்த முனிவர் ஒருவர் அதைப் பார்த்து ஏளனமாகச் சத்தம் போட்டுவிடுகிறார். பல வருஷம் கழித்து ஜெயித்துத் திரும்பி வந்த அரசன் மடத்தை இடித்து, அதே இடத்தில் பெரிய விகாரை கட்டுகிறான். அதற்குப் பிறகு அவர்களைப் பற்றிப் பேச்சே இல்லை. இவ்வளவுதானா என்று கேட்டேன். சிவஞானம் சேர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அத்தனை நூறு வருஷம் இருந்த சனம், பிள்ளை. எல்லாம் சேர்த்து ஒரு பக்கம்தான் வருது. அதை ஒரு போட்டோக் கொப்பி எடுத்துத் தாறன்."

ஊர்க்காரர்கள்

போர் முடிந்து பாதைகள் திறந்த பிறகு, தமிழ்நாட்டிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். வந்தவாசிப் பக்கம் ஒரு கிராமம். கணவர் தரணேந்திர நயினார், நெல் விவசாயி. மனைவி பத்மா, ஓய்வு பெற்ற தமிழ் டீச்சர். நயினார் என்றதும் நான் சைவக் குடும்பம் என்று நினைத்தேன். சாப்பாட்டு விவரம் கேட்டபோதுதான் சமணர்கள் என்று தெரிந்தது. சமணர் என்றால் வடநாட்டு வியாபாரிகள் என்றே அதுவரைக்கும் என் எண்ணம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "உங்க குடும்பம் எப்ப தமிழ்நாட்டுக்கு வந்தது?" என்று கேட்டுவிட்டேன்.

நயினார் சிரித்தார். "நாங்க எங்கேயிருந்தும் வரலம்மா. எப்பவும் அங்கதான் இருக்கோம். கண்ணுக்குத்தான் தெரியறதில்ல" என்றார். டீச்சர் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, என் மகன் காலையில் எங்கே போகிறான் என்று கேட்டார். பள்ளிக்கூடத்துக்கு என்றேன். அதற்கு அவர் சொன்னது இன்றைக்கும் என் காதில் கேட்கிறது: "பள்ளின்னா எங்க முனிவருங்க தங்கின இடம். பக்கத்து ஊருப் பிள்ளைங்களுக்கு அங்க எழுத்துச் சொல்லிக் கொடுத்தாங்க. ஆளுங்க போயிட்டாங்க, வார்த்தை மட்டும் தினமும் காலையில உங்க வீட்டுலேருந்து புத்தகப் பையைத் தூக்கிட்டுப் போகுது."

அட்டை

சிவஞானம் எடுத்துத் தந்த அந்தப் பக்கத்தை அவர்களுக்குப் படித்துக் காட்டினேன். முனிவர்கள் தங்கியிருக்கக்கூடிய மாதிரி ஒரு குகையையாவது பார்க்க வேண்டும் என்றார்கள். மாத்தளை போகிற பாதையிலிருந்து உள்ளே திரும்பி, ரப்பர் மரங்களுக்கு மேலே ஒரு பழைய குகைக் கோயில் எனக்குத் தெரியும். வேன் ஓட்டுகிற நிமல் சிங்களப் பையன், எனக்குத் தம்பி மாதிரி, தமிழ் நன்றாகப் பேசுவான். மழை விட்ட நேரம். பாதி ஏறியதும் நயினாரின் காலில் மூன்று அட்டைகள்.

எங்கள் பக்கத்தில் இதற்கு யோசிக்கவே மாட்டோம். நிமல் உப்புப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டான். நான் சவர்க்காரக் கட்டியை எடுத்துவிட்டேன். நயினார் வேண்டாமென்று கையைக் காட்டிவிட்டு ஒரு பாறையில் உட்கார்ந்துகொண்டார். உப்புப் பட்டால் அது துடித்துச் செத்துவிடுமாம். நாங்களும் நின்றோம். இருபது நிமிஷம் இருக்கும், அரை மணியும் இருக்கும். மூன்றும் திராட்சைப் பழம் மாதிரி உருண்டு ஒவ்வொன்றாகத் தாமாகவே விழுந்தன. அவர் ஒரு இலையில் அவற்றை ஏந்தி, யாரும் மிதிக்காத இடமாகப் பார்த்து வைத்தார். காலில் இரத்தம் வழிந்துகொண்டிருந்தது. நிமல் உப்பை மடித்துச் சட்டைப்பைக்குள் போட்டான். மேலே ஏறும்போது என் காதருகே வந்து மெல்லச் சொன்னான்: "அக்கா, நான் ஆயிரம் தடவை பன்சலையில பிக்குமார் அகிம்சைன்னு சொல்லக் கேட்டிருக்கேன். அதைக் கண்ணால பாத்தது இன்னைக்குத்தான்."

முதல் வார்த்தை

மேலே குகைக்கு முன்னால் வயதான பிக்கு ஒருவர் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தார். இவர்கள் யார், எதைத் தேடி வந்திருக்கிறார்கள் என்று நான் சிங்களத்தில் சொன்னேன். ஒருவருடைய கோயிலுக்குப் போய், இது எங்கள் ஆட்களுடையதா என்று கேட்பது சின்ன விஷயமா? பிக்கு விளக்குமாற்றைச் சாத்தி வைத்துவிட்டு, பாறையின் நெற்றியில் மழைத் தண்ணீர் உள்ளே வடியாமல் வெட்டியிருந்த வரியைக் காட்டினார். சில குகைகளில் அதற்குக் கீழே எழுத்து இருக்கும், பிக்குகளுக்குக் கொடுத்தது என்று படிக்கலாம். இந்தக் குகையில் எழுத்து இல்லை, அதனால் முதலில் யார் இருந்தார்கள் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

டீச்சர் ஓரமாக நின்று தங்கள் மந்திரம் சொல்லலாமா என்று கேட்டார். பிக்கு தலையசைத்தார். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு மெதுவான குரலில் ஆரம்பித்தார். பழைய பாஷை, எனக்கு ஒரு எழுத்தும் விளங்கவில்லை. ஆனால் பிக்குவின் முகம் மாறியது. தெரிந்த குரலை எதிர்பாராத இடத்தில் கேட்டவர் மாதிரி ஓர் அடி முன்னால் வந்தார். மந்திரம் முடிந்ததும், நமஸ்காரத்தை அடுத்து வந்த சொல்லை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். "அரஹந்த" என்றார் டீச்சர்; ஆசையை வென்றவர்களைக் குறிக்கிற சொல்லாம். பிக்குவும் அதையே தன் வாயால் சொல்லிப் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு பாயைக் கொண்டுவந்து, தன் கையாலேயே குகைக்குள் விரித்துவிட்டு என்னிடம் சொன்னார்: "நாங்களும் அந்தச் சொல்லுக்குத்தான் தினமும் கும்பிடுறோம். அவங்களை உட்காரச் சொல்லுங்க, எவ்வளவு நேரம் வேணும்னாலும்."

வடக்கு வாசல்

மறுநாள் விடிந்ததும் கண்டியிலிருந்து அநுராதபுரத்துக்குப் புறப்பட்டோம். போகும் வழியில் டீச்சர் தாங்கள் வந்த காரணத்தைச் சொன்னார். அவர்கள் ஊரில் ஒரு காலத்தில் அறுபது சமண வீடுகள். இப்போது ஏழு. பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விட்டார்கள். கோயிலில் பூசையை ஒருவர் மாற்றி ஒருவர் முறை வைத்துச் செய்கிறார்கள். "ஒரு கூட்டம் எப்படி இல்லாமப் போகுதுன்னு தெரிஞ்சுக்கணும்னு இவருக்கு ஆசை. சுற்றுலா எல்லாம் சும்மா பேருக்கு" என்றார். என் அப்பாவின் இரண்டு அண்ணன்மாரும் பிரஜாவுரிமை இல்லையென்று நாவலப்பிட்டியில் ரயில் ஏற்றப்பட்டு, தலைமன்னாரில் கப்பல் ஏறி இந்தியாவுக்குப் போனவர்கள். தேயிலைத் தோட்டத்து லயத்தில் அவர்கள் இருந்த ஒற்றை அறைக் காம்பராவில் இன்றைக்கு யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அதைச் சொன்னேன்.

அங்கே, அந்த அரசன் கட்டிய விகாரையின் பெரிய தாதுகோபம் வானத்தை மறைத்துக்கொண்டு நின்றது. அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் தலை சுற்றும். சமணர்களுடைய ஒரு செங்கல்லைக்கூட என்னால் காட்ட முடியவில்லை. பழைய நகரத்தின் வடக்கு வாசல் இருந்த திசையை மட்டும் கையை நீட்டிக் காட்டினேன். நயினார் அந்தத் திசையைப் பார்த்து, மொட்டை வெயிலில், வெறுங்காலோடு நெடுநேரம் நின்றார். டீச்சரோ நேரே தாதுகோபத்துக்கு முன்னால் போய் விழுந்து கும்பிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. உங்கள் மடத்தை இடித்துக் கட்டியதாயிற்றே, கோபம் வரவில்லையா என்று கேட்டுவிட்டேன். புடவையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டுக்கொண்டு அவர் சொன்னார்: "முன்னாடி நாங்க இங்க கொல்லாதேன்னு சொல்லிட்டு இருந்தோம். அப்புறம் வந்தவங்களும் கொல்லாதேன்னுதானே சொன்னாங்க. எங்க இடம் ஒண்ணும் வீணாப் போகலம்மா."

மூன்று பேர்

அவர்கள் ஊருக்குப் போய் ஆறேழு மாதத்துக்குப் பிறகு டீச்சரிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. நயினாருக்கு உடம்பு சுகமாக இருக்கிறதாம். காலில் அட்டை கடித்த தழும்பை ஊரில் எல்லோருக்கும் காட்டுகிறாராம். மூத்த மகள் வேலையை மாற்றிக்கொண்டு கிராமத்துக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டாள். ஏழு வீடு எட்டாகியிருக்கிறது. எட்டு என்று சொல்லும்போது அவர் குரலில் இருந்த சந்தோஷத்தை, பெரிய பெரிய மாளிகைகளைக் காட்டும்போது நான் ஒருவரிடமும் கேட்டதில்லை.

பிறகு கோயில் விசேஷத்தன்று நடந்ததைச் சொன்னார். வந்திருந்த சொந்தக்காரர்கள் எல்லாம் இலங்கைப் பயணத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். அங்கே நம் ஆட்கள் ஒருவர்கூட மிச்சமில்லையா என்று ஒரு பெரியவர் வருத்தப்பட்டிருக்கிறார். "நான் விட்டுடுவேனா? பாய் விரிச்ச பிக்கு, உப்பை மடிச்சு வச்ச டிரைவர், கூடவே நின்ன நீங்க. கண்டியில நம்ம ஆளுங்க மூணு பேர் இருக்காங்கன்னு சொல்லிட்டேன்."

அந்த மூவரில் நிமலும் நானும் டீச்சர் பேசிய அன்றைக்கு மத்தியானமும் கருவாட்டுக் கறியோடுதான் சோறு சாப்பிட்டோம் என்பதை மட்டும் நான் டீச்சரிடம் சொல்லவில்லை.