பத்தொன்பது கடற்சொற்கள்

மொழித்துறை அலுவலகத்தில் அவளுக்கு அட்டையம்மா என்று பெயர். சொல் அட்டைகளை எழுதி அடுக்குகிறவள் என்பதால் வந்த பெயர்தான். பிடித்த வேலையை விடமாட்டாள் என்பதால் அது ரத்தம் குடிக்கிற அட்டையையும் குறிக்கும் என்று கேன்டீன்காரர் சொல்லிச் சிரிப்பார். அவளும் கூடச் சிரிப்பாள். முப்பத்தாறு வருடத்தில் முப்பத்தோராயிரம் அட்டைகள், எல்லாம் அவள் கையெழுத்து. ஒரு அட்டைக்கு ஒரு சொல். அதன் பொருள், சொன்னவர், ஊர், தேதி. ஓய்வுபெற இன்னும் இரண்டே மாதம். அதுவரை வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் மாலையும் மரியாதையுமாக வீட்டுக்குப் போயிருக்கலாம்.

வியாழக்கிழமை காலை இயக்குநர் கூப்பிட்டார்.

"நாளைக்குப் பதினோரு மணிக்கு விசாரணைக் குழு உட்காருது. அந்தக் கடல் சொல் பத்தொன்பது அட்டையையும் எடுத்து வச்சிடுங்கம்மா."

விவகாரம் ஊரறிந்தது. ஆறு பிறக்கும் மலையில் முந்நூறு வீடுகள். அங்கே அணை வரப்போகிறது. அந்த மக்கள், நாங்கள் ஆதியிலிருந்து இங்கேதான் இருக்கிறோம் என்றார்கள். ஆதிகுடி என்று நிரூபணமானால் அவர்களை யாரும் அசைக்க முடியாது. இல்லையென்றால் மழைக்கு முன்னால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அவர்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்று கண்டுசொல்லும் பொறுப்பு இயக்குநரிடம் வந்திருந்தது. அவர் அறிக்கை எழுதிவிட்டார்: இவர்கள் கடற்கரையிலிருந்து மூன்று நான்கு தலைமுறைக்கு முன் ஏறி வந்தவர்கள். கடலையே பார்க்காத மலைக்காரர்களிடம் அலைக்கும் வலைக்கும் துடுப்புக்கும் நங்கூரத்துக்கும் சொல் எப்படி வந்தது? அதுவும் கடற்கரைக்காரர்கள் இன்றைக்கும் பேசுகிற அதே சொற்கள்?

கேட்டால் யாரும் தலையாட்டத்தான் செய்வார்கள். மனுஷர் பொய் சொல்கிறவரும் இல்லை. மனதார நம்பித்தான் எழுதினார்.

அட்டையம்மா இழுப்பறையைத் திறந்து பத்தொன்பதையும் எடுத்து மேஜையில் பரப்பினாள். எல்லாம் ஒரே தேதி, ஒரே வீடு. அது அவள் அந்த வீட்டுக்குப் போன முதல் நாளின் தேதி.

முப்பத்து நான்கு வருடத்துக்கு முன்னால் அவள் அந்த மலைக்குப் போயிருக்கிறாள். பெண்களிடம் பேச ஒரு பெண் வேண்டும் என்று கூட்டிப் போனார்கள். கையில் அச்சடித்த படிவம், ஐந்நூறு சொல். மலைக்கும் அதே படிவம், கரைக்கும் அதே படிவம். அந்த மக்களிடம் ஒரு வழக்கம்: புதிதாக வந்தவரோடு முதல் நாள் வீட்டுப் பெரியவர்கள் பேசமாட்டார்கள்; மருமகள் கதவருகே நின்று பதில் சொல்வாள். அலைக்கு உங்கள் பேச்சில் என்ன என்று கேட்டதும் வீடே சிரித்தது. வந்தவளை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாத அந்தப் பதினெட்டு வயது மருமகள், தன் தாய்வீட்டுச் சொல்லை எடுத்துக் கொடுத்தாள். அவள் கடற்கரையில் பிறந்து மலைக்கு வாழ்க்கைப்பட்டவள். கட்டம் ஒன்று காலியாக இருந்தாலும் படிவத்தை முகத்தில் எறிவேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார் அன்றைய இளம் விரிவுரையாளர், அதாவது இன்றைய இயக்குநர். அட்டையம்மா எல்லாக் கட்டத்தையும் நிரப்பினாள். 'சொன்னவர்' என்ற இடத்தில், துறை வழக்கப்படி, குடும்பத் தலைவர் என்று எழுதினாள். அப்போது அது தப்பாகவே படவில்லை.

நேரே போய் இயக்குநரிடம் சொல்லிவிட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நாளைக்கு இதைச் சொன்னீங்கன்னா பத்தொன்பது அட்டையோட நிக்காதும்மா. மத்த அட்டையில யார் சொன்னதுன்னு கேப்பாங்க. எல்லாம் நீங்க எழுதினதுதான். உங்க வாழ்க்கை பூரா அந்த அலமாரியிலதானே இருக்கு?"

அவர் மிரட்டவில்லை. உள்ளதைத்தான் சொன்னார். அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

வீட்டில் கணவரிடம் சொன்னாள். அவர் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர்.

"எனக்கு நெஞ்சு வலி வந்தப்ப உங்க இயக்குநர் ஓடியாடலைன்னா ஆஸ்பத்திரியில இடமே கிடைச்சிருக்காது."

"தெரியுங்க."

"சொல்லாம இருந்தா உனக்குத் தூக்கம் வருமா?"

"வராது."

"அப்ப எனக்கும் வராது. புரண்டு புரண்டு படுத்தே என்னை எழுப்பிடுவ. போய்ச் சொல்லிடு."

வெள்ளிக்கிழமை கூட்ட அறையில் குழு உட்கார்ந்தது. தலைவர் ஒரு ஓய்வுபெற்ற நீதிபதி. பின்வரிசையில் மலை மக்கள் இருபது பேர் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். இயக்குநர் அறிக்கையை வாசித்து முடித்ததும் அட்டையம்மா எழுந்தாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

தலைவருக்கு எரிச்சல். "மருமகதான் சொன்னாங்கன்றதுக்கு என்ன ஆதாரம்?"

"என் ஞாபகம்தாங்க."

"நல்லவங்க, பொய் சொல்ல மாட்டாங்க," என்றார் இயக்குநர் மெல்ல. "ஆனா ஞாபகத்தை ஆதாரமா எடுத்துக்க முடியாதுங்களே."

அவர் சொன்னது நியாயம்தான். அப்போது பின்வரிசையில் ஐம்பது கடந்த ஒரு பெண் எழுந்தாள்.

"அந்த மருமக நான்தாங்க."

அறை சலசலத்தது. தலைவர் கையமர்த்தினார். "அப்ப நீங்களே சொல்லுங்க. அலைக்கு என்ன சொல்வீங்க?"

அவள் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. உதட்டை நனைத்துக்கொண்டாள். மறுபடியும் வரவில்லை.

"தெரியுங்க. வாயில நிக்க மாட்டேங்குது. மலைக்குப் போனதுக்கப்புறம் அந்தப் பேச்சு பேச யாரும் இல்லீங்க. அம்மா வீட்டுலயும் இப்ப யாரும் இல்ல."

பக்கத்திலிருந்தவர்கள் தலையைத் தொங்கப்போட்டார்கள். முந்நூறு வீடும் போயிற்று என்றுதான் அட்டையம்மாவும் நினைத்தாள். ஆனாலும் விடவில்லை.

"ஐயா, முதல் அட்டையை மட்டும் நான் படிக்கிறேன். மீதி உங்க கையிலயே இருக்கட்டும். நீங்களே கேளுங்க."

தலைவர் யோசித்துவிட்டுத் தலையாட்டினார். அட்டையம்மா அலைக்குரிய சொல்லைப் படித்தாள். அந்தப் பெண் அதைத் திருப்பிச் சொன்னாள். ஒரு தடவை, இரண்டு தடவை. முகம் மாறியது.

"வலை?" என்றார் தலைவர்.

சொன்னாள். தலைவர் அட்டையைப் பார்த்தார்.

"துடுப்பு?"

சொன்னாள். அடுத்ததற்கு அவர் கேட்டு முடிக்கும் முன்பே பதில் வந்தது. இரண்டு சொல் மட்டும் கடைசிவரை வரவே இல்லை. மற்றதெல்லாம் வந்தது. அட்டைகள் தீர்ந்த பிறகும் அவள் நிறுத்தவில்லை. அறை அதிர ஒரு கூப்பாடு போட்டாள். காவலாள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான்.

"இது எந்த அட்டையில இருக்கு?" தலைவர் புரட்டினார்.

"இல்லீங்க. அப்பா படகு வர லேட்டானா கரையில நின்னு இப்படித்தான் கூப்பிடுவோம்." சொல்லிவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதாள்.

தலைவர் அங்கேயே உத்தரவை எழுதவைத்தார். அந்தச் சொற்கள் கடற்கரையில் பிறந்த மருமகளுடையவை, அறிக்கை தள்ளுபடி; வந்தேறிகள் என்பதற்கு வேறு சான்று இல்லாததால் முந்நூறு வீட்டையும் யாரும் தொடக்கூடாது. கூடவே இன்னொரு வரி: துறையிலுள்ள அட்டைகள் எதையும், மறுபடி சரிபார்க்கும்வரை, சான்றாக ஏற்கக்கூடாது. அட்டையம்மாவின் முப்பத்தாறு வருடம் ஒரு வரியில் போய்விட்டது. இயக்குநர் அறிக்கையை எடுத்துக்கொண்டு அட்டையம்மாவைப் பார்க்காமலே வெளியேறினார்.

மலை மக்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு இறங்கிப் போனார்கள். அந்தப் பெண் மட்டும் போகவில்லை. அட்டையம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எனக்கு வராத அந்த ரெண்டையும் கொஞ்சம் படிச்சுக் காட்டுறீங்களா?"

அட்டையம்மா அந்த இரண்டு அட்டைகளையும் தேடி எடுத்து, அவளுக்குக் கேட்கும்படி நிறுத்தி நிதானமாகப் படித்தாள்.