அடி எந்தத் துண்டில்?

ஐந்தாம் வகுப்பில் இங்கிலீஷ் வாசிப்புப் போட்டிக்கு என்னைத்தான் பிடித்துப் போட்டார்கள். நீளமான சொல்லைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரு துண்டை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும் என்றார் டீச்சர். எந்தத் துண்டை என்று கேட்டால், "அது தானா வரும்" என்பார். எனக்கு எதுவும் தானாக வந்ததில்லை. 'போட்டோகிராப்' என்றால் முதல் துண்டில் அழுத்தம். வாலில் ஒரு 'அர்' ஒட்டிக்கொண்டால் அழுத்தம் இரண்டாவதுக்கு ஓடிவிடும். இது என்ன நியாயம்? டீச்சரிடம் கெஞ்சி, அழுத்தும் துண்டுக்கெல்லாம் கோடு போட்டு வாங்கி வந்தேன். அப்படியும் நாக்கு மடங்கவில்லை. போட்டி நடக்கும் அட்டனில் போய் அசிங்கப்படப் போகிறேன் என்று எங்கள் லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து அழுதேன்.

அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. பகலில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுவார். தோட்டத்தில் சாவு விழுந்தாலும் திருவிழா வந்தாலும் தப்பு மேளம் அடிப்பார். அடித்து முடித்ததும் அவருக்கு மட்டும் தேத்தண்ணி வாசலுக்கே வந்துவிடும். அதை மரியாதை என்று நினைத்துப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

"இதுக்கா அழுவுற? சாவுக்கு ஒரு அடி, சாமிக்கு ஒரு அடி. அடி மாறத்தாம்மா செய்யும்" என்று தப்பை எடுத்தார். கோடு போட்ட துண்டில் நான் விரல் வைப்பேன், அவர் அங்கே ஓங்கி அடிப்பார். பத்து நாளில் நாக்கு வழிக்கு வந்தது.

அட்டனில் எனக்குத்தான் முதல் பரிசு. சான்றிதழைத் தந்த நடுவர் அம்மா, "யாரு சொல்லிக் குடுத்தது, மகள்?" என்றார்.

"எங்க அப்பா" என்று கதவோரம் நின்றவரைக் காட்டினேன்.

"அப்பிடியா? எப்பிடிச் சொல்லிக் குடுத்தீங்க?"

அப்பாவின் முகம் செத்துப் போயிற்று. நான் வாயைத் திறப்பதற்குள், "யூடியூப்ல பாத்து அதுவே படிச்சிக்கிச்சுங்க மிஸ்" என்று அவசரமாகச் சொன்னார். எங்கள் வீட்டில் இருந்ததோ பட்டன் போன்.

வட்டகொடைக்குத் திரும்பும் ரயிலில் எனக்குக் கோபம் பொங்கியது. "ஏம்ப்பா பொய் சொன்னீங்க?"

"தப்படிக்கிறவன் புள்ளன்னு தெரிஞ்சா மார்க்கக் கொறைச்சிருவாங்கம்மா."

சான்றிதழ் என் மடியில் கிடந்தது. கொடுத்து முடித்த மார்க்கை எப்படிக் குறைப்பார்கள் என்று தலவாக்கலை தாண்டியும் யோசித்துக்கொண்டே வந்தேன்.