பவுலின் தொட்ட நெற்றிகள்

எங்கள் ஈஜிபுரா பள்ளியில் பதினாலு வருடமாக ஆயா வேலை பார்த்தவள் பவுலின். குழந்தையின் நெற்றியில் கை வைத்தால் போதும், காய்ச்சல் உண்டா இல்லையா என்று சொல்லிவிடுவாள். ஒன்றாம் வகுப்பு டீச்சரான நான் டாக்டரைவிட அவள் கையைத்தான் நம்பினேன். அந்த நம்பிக்கைதான் எங்களைக் கவிழ்த்தது.

2009 ஆகஸ்ட். பன்றிக் காய்ச்சலுக்குப் பயந்து ஒரு வாரம் மூடிக் கிடந்த பள்ளியைத் திங்கட்கிழமை திறப்பதாக முடிவானது. இருந்ததோ ஒரே ஒரு தெர்மாமீட்டர். நூற்றெண்பது குழந்தைகளுக்கும் அதை வைத்துப் பார்த்தால் மத்தியானம் ஆகிவிடும். "பவுலின் கேட்டுல நிக்கட்டும். சூடா இருக்கிற பிள்ளைங்களை மட்டும் என்கிட்ட அனுப்பட்டும்" என்றார் தலைமையாசிரியர் ரெமிஜியஸ். எல்லோரும் தலையாட்டினோம். இதைவிட நல்ல யோசனை எனக்கும் தோன்றவில்லை.

என் வகுப்புக் கிருத்திகாவுக்கு வீசிங் உண்டு. அவளை அனுப்பவே மாட்டேன் என்று அவள் அம்மா காந்தா பிடிவாதமாக இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பவுலின் அவர்கள் வீட்டுக்குப் போனாள், துணைக்கு நானும் போனேன். "நான் கேட்டுல நிக்கிறேன்ல காந்தா. என் கையைத் தாண்டி காய்ச்சல் உள்ள போயிடுமா? தைரியமா அனுப்பு" என்றாள். காந்தா அரை மனதாகச் சம்மதித்தாள்.

மறுநாள் காலை கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு பவுலின் ஒவ்வொரு நெற்றியாகத் தொட்டாள். ஒரு குழந்தையைக்கூடத் திருப்பி அனுப்பவில்லை. "எல்லாப் பிள்ளைங்களும் ஜில்லுனு இருக்குதுங்க மிஸ். மாதா காப்பாத்திட்டாங்க" என்றாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பத்தரை மணிக்குச் சாக்பீஸ் டப்பாவைக் கொண்டுவந்து தந்தாள். அவள் விரல் என்மேல் பட்டது. கொதித்தது.

"என்ன பவுலின், உடம்பு சரியில்லையா?"

"ஒரு வாரமா பெஞ்சு கழுவுனது மிஸ். உடம்பு வலி. வேற ஒண்ணும் இல்ல."

தெர்மாமீட்டரை வரவழைத்து அவளுக்கு வைத்தேன். நூற்றிரண்டு. கொதிக்கிற கைக்கு எந்த நெற்றிதான் சூடாகத் தெரியும்? குழந்தைகளுக்கெல்லாம் சோதனை வைத்த புத்திசாலிகள் நாங்கள், சோதிக்கிறவளைத் தொட்டுப் பார்க்கவில்லை. பவுலினுக்கும் புரிந்துவிட்டது. "அய்யோ மிஸ், எல்லாரையும் தொட்டேனே" என்று சொல்லிக் கைகளை உடம்பைவிட்டுத் தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

அதே தெர்மாமீட்டரைக் கழுவி என் வகுப்புப் பிள்ளைகளுக்கு வைத்தேன். தருண் என்ற பையனுக்கு நல்ல காய்ச்சல் அடித்தது. காலையிலிருந்து அவனை ஒட்டி உட்கார்ந்திருந்தவள் கிருத்திகா.

பள்ளியை உடனே மூடி, பெற்றோரை வரவழைத்தோம். காந்தாவிடம் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போக மறுத்த பவுலின், தெருவின் எதிர்ப்பக்கம் தனியாக நின்றாள். காந்தா ஓடி வந்தபோது அங்கிருந்தே சொன்னாள்: "தப்பு என்னுதுதான் காந்தா. எனக்கே காய்ச்சல். தெரியாம பாப்பாவைத் தொட்டுட்டேன்." காந்தா மகளைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் பார்க்காமலே போனாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

பவுலின் நாலு நாளில் தேறினாள். கிருத்திகாவுக்கு மூன்றாம் நாள் காய்ச்சல் கண்டு மூச்சுத் திணறியது, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பவுலின் எழுந்து நடமாடத் தொடங்கியதும் தினமும் ஆஸ்பத்திரி வாசல்வரை போவாள். என்ன சொல்வார்களோ என்று பயந்து, கேட்காமலே திரும்பிவிடுவாள். ஒன்பதாம் நாள்தான், குழந்தை எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டாளாம் என்று தகவல் வந்தது.

செப்டம்பரில் மறுபடி திறந்தோம். வகுப்புக்கு ஒரு தெர்மாமீட்டர், ஒரு நாளைக்குப் பாதிப் பிள்ளைகள், எல்லாவற்றுக்கும் முன்னால் எங்களுக்குச் சோதனை. இரண்டாவது வாரம் காந்தா மகளோடு கேட்டுக்கு வந்தாள். இளைத்துப் போன கிருத்திகாவைப் பார்த்ததும் பவுலின் பின்வாங்கினாள்.

"பவுலினுக்குக் காலையிலேயே பார்த்தாச்சு காந்தா, காய்ச்சல் இல்ல" என்றேன்.

காந்தா அதைக் காதில் வாங்கவில்லை. நேரே போய்ப் பவுலினின் நெற்றியில் கை வைத்தாள். பவுலின் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். கையை எடுக்கக் காந்தாவுக்கு வெகுநேரம் ஆனது. பிறகுதான் இன்னொரு கையில் பிடித்திருந்த மகளை விட்டாள்.

"உள்ள போ" என்றாள்.