டிராஃபிக் அண்ணனின் இடது கை

கட்டடம் எழும்பும் இடங்களில் கிரேனுக்குச் சிக்னல் காட்டுவதுதான் அவர் வேலை. இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டே நிற்பதால் டிராஃபிக் அண்ணன் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. நான் மேலே கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து கிரேனை ஓட்டுகிறவன். அவர் ஆட்காட்டி விரலை மேலே நீட்டிச் சுழற்றினால் தூக்கு. கீழே நீட்டிச் சுழற்றினால் இறக்கு. உள்ளங்கையைக் கவிழ்த்து வீசினால் நிறுத்து. வாக்கி-டாக்கி வந்த பிறகும் அவர் கையை விடவில்லை. வீட்டிலும் சாப்பாடு போதும் என்றால் உள்ளங்கைதான் வீசுமாம்.

"கல்யாணமான புதுசுல எனக்கு வாய்ச்சது ஊமையோன்னு பயந்தே போயிட்டேன்" என்று அண்ணி எங்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

வேலைக்குச் சேர்ந்த அன்றே அண்ணன் எனக்கு ஒரு சட்டம் போட்டார். "நிறுத்தச் சொல்ல எல்லாருக்கும் உரிமை உண்டு. டீ கொண்டு வர்றவன் கையை வீசினாலும் நிறுத்திடு. ஆனா மறுபடி தூக்குறது என் கையைப் பார்த்துதான்." ஒருமுறை பெரிய இன்ஜினியரே அவசரப்பட்டு விரலைச் சுழற்றினார். நான் அசையவில்லை. திட்டு எனக்கு, பெருமை அண்ணனுக்கு.

அன்று காலை இரும்பு உத்தரம் பாதி உயரத்தில் இருக்கும்போது அவருடைய வலது கை தானாகச் சரிந்தது. உடனே இடது கையை வீசினார்: நிறுத்து. அதற்குப் பிறகுதான் மண்ணில் உட்கார்ந்தார். அந்த நிலையிலும் உத்தரத்தை மறக்காத மனுஷன். அதைப் பத்திரமாக இறக்கிவிட்டு ஓடினேன். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது, பேச்சு வரவில்லை. வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம்.

ஸ்கேன் எடுத்துவிட்டு டாக்டரம்மா வெளியே வந்தார். "மூளைக்குப் போற குழாய்ல ரத்தம் உறைஞ்சு அடைச்சிருக்கு. கரைக்க ஊசி இருக்கு. இப்பவே போட்டா கையும் பேச்சும் திரும்ப வர நல்ல வாய்ப்பு. ஆனா நூறு பேர்ல அஞ்சாறு பேருக்கு மூளைக்குள்ள ரத்தம் கசியலாம். உயிருக்கே ஆபத்தாகலாம். போடலன்னா அந்த ஆபத்து குறைவு, ஆனா கையும் பேச்சும் இப்படியே நின்னுடலாம். தாமதிக்கத் தாமதிக்க ஊசியால பலன் குறையும்."

அண்ணி துணி தைக்கும் கம்பெனியில் இருந்தார். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. தகவல் அனுப்பியிருந்தோம். அதற்குள் அண்ணியின் அண்ணன் வந்துவிட்டார்.

"உயிருக்கு ஆபத்துன்னு நீங்களே சொல்றீங்களேம்மா! வேண்டாம். என் தங்கச்சி வரட்டும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'உம்ம தங்கச்சி வர்ற வரைக்கும் ரத்தம் காத்துக்கிட்டிருக்குமாய்யா?' என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன். அவரும் பயந்துதானே சொல்கிறார். நிறுத்தச் சொல்ல அவருக்கும் உரிமை உண்டு. ஆனால் மறுபடி தூக்கச் சொல்ல வேண்டிய ஆள் உள்ளே கட்டிலில் படுத்திருக்கிறார். அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"டாக்டர், அவரையே கேளுங்க. பேச்சுதானே போச்சு, காது இருக்கே."

டாக்டரம்மா என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு உள்ளே போனார். நாங்களும் பின்னால் போனோம்.

"கண்ணை மூடுங்க." மூடினார். "இடது கையில ரெண்டு விரல் காட்டுங்க." காட்டினார். டாக்டரம்மா எல்லாவற்றையும் மறுபடி நிதானமாகச் சொன்னார். ரத்தம் கசிவதையும் மறைக்கவில்லை.

"அண்ணே, ஊசி போடணும்னா தூக்கு. வேண்டாம்னா நிறுத்து" என்றேன்.

அண்ணன் மச்சானைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இடது கை மெல்ல எழுந்தது. விரல் மேலே நீண்டு சுழன்றது.

டாக்டரம்மா விடவில்லை. "ஊசி போடாம விட்டுடலாமா?"

தலை இல்லை என்று அசைந்தது. விரல் முன்னைவிட வேகமாகச் சுழன்றது.

"இதுக்கு என்னப்பா அர்த்தம்?"

"சீக்கிரம் தூக்குடா சோம்பேறின்னு அர்த்தம் டாக்டர். தினமும் எனக்குக் காட்டுறதுதான்."

மச்சான் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவரே சொல்லிட்டாரு. போடுங்கம்மா."

அடுத்த ஒரு மணி நேரம் நான் சாமி, சாத்தான் என்று பார்க்காமல் எல்லாரையும் கும்பிட்டேன். பிறகு அவருடைய வலது கைச் சுண்டுவிரல் போர்வை மேல் லேசாக அசைந்தது. கொஞ்ச நேரத்தில் மற்ற விரல்களும் அசைந்தன. போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது.

அப்போதுதான் அண்ணி மூச்சிரைக்க ஓடிவந்தார். அழுகையைக் கோபமாக்கி எங்கள் இரண்டு பேர் மேலும் பாய்ந்தார்.

"நான் வர்றதுக்குள்ள யாரைக் கேட்டு ஊசி போட்டீங்க?"

மச்சான் நைசாக என் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினார். நான் வாயைத் திறப்பதற்குள் கட்டிலிலிருந்து குழறிய குரல் ஒன்று வந்தது.

"என்னை... என்னைத்தான்."

அண்ணி அந்த வலது கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "ஊமை இல்ல" என்று எங்களைப் பார்த்துச் சொன்னார். "என் புருஷன் ஊமை இல்ல."