இடது காதில் வந்த குரல்

ஊரை விட்டு வேலைக்கு வந்த உப்பல் ஷெட்டில் அன்று நான் இருந்தேன், வெல்டர் தம்பி இருந்தார், டீ கொண்டுவந்த அக்கா இருந்தார். தண்ணீரில் விழுந்த என் போனில் இயர்போன் மாட்டினால்தான் குரல் கேட்கும். அதன் ஒயரைப் போனிலேயே இறுக்கிச் சுற்றிவைப்பேன். அதனால் சொருகும் முனையில் ஒயர் விட்டுப்போயிருந்தது.

ஊரில் மகளுக்குப் பிரசவம். மனைவி கூப்பிட்டாள். கரகரப்புதான் வந்தது. எழுந்துவிட்டேன்.

வெல்டர் ஓடிவந்து ஒயரை முனையோடு மடக்கிப் பிடித்தார்.

"நக்கோண்ணா, வேணாம், அசையாதீங்க! தாத்தா ஆகப்போற ஆளு இப்படியா குதிக்கிறது?"

"மூச்சையும் மெதுவா விடுய்யா" என்றார் அக்கா.

இடது காதில் மட்டும் மனைவியின் குரல் வந்தது.

"ரெண்டு பேரும் நல்லாருக்காங்க. பொண்ணு."

பேசி முடியும்வரை வெல்டர் விரலை எடுக்கவில்லை. அவருடைய டீ ஆறிப்போனது. அந்த விரல்களை நான் மறக்கவில்லை.

போனை வைக்கும் முன் மனைவியிடம் குழந்தையின் எடை கேட்டிருந்தேன்.

இரண்டு கிலோ எண்ணூறு.