விழுதி வேலியில் இரண்டு வெள்ளைகள்

1991இல் நானும் என் தோழியும் விலங்கியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தோம். எங்கும் பறக்கும் வெள்ளைப் பட்டாம்பூச்சி ஒன்றையும், அதன் உறவில் அருகிவிட்ட இன்னொன்றையும் ஒப்பிட்டு எழுதுவது எங்கள் வேலை. சாதாரண வெள்ளைக்கு இறகோரத்தில் கறுப்பு நரம்புகள். முட்டைகளைக் கொத்தாக இடும். அரியதும் வெள்ளைதான். ஆனால் முன்னிறகின் நுனி குங்குமச் சிவப்பு; முட்டையைத் தனித்தனியாக வைக்கும். இரண்டின் புழுக்களுக்கும் விழுதி இலைதான் சாப்பாடு. "சிவப்பு நுனியை இந்தப் பக்கம் பார்த்தே வெகுநாளாச்சு" என்று பேராசிரியர் முதலிலேயே கையை விரித்துவிட்டார்.

படப்பை ஊரைத் தாண்டி, ஒரு வேர்க்கடலைக் கொல்லைக்கு வேலியே விழுதிப் புதர்தான். நாங்கள் குனிந்து இலை இலையாகப் பார்ப்பதைக் கண்டு கொல்லைக்காரப் பெண் ஓடிவந்தாள். எங்களைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள்.

"இன்னா, நெலத்த அளக்க வந்தீங்களா?"

"இல்லக்கா, பட்டாம்பூச்சி தேடுறோம்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். மறுநாள் அந்த வேலியை வெட்டிவிட்டுக் கல்தூண் நடப்போவதாகவும் சொன்னாள். எங்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்போதுதான் ஒரு குச்சியில் கூட்டத்தோடு சேராமல் ஒட்டியிருந்த இரண்டு கூட்டுப்புழுக்களைப் பார்த்து, சிவப்பு நுனியாக இருக்குமோ என்று ஆசைப்பட்டிருந்தோம்.

"இது ரெண்டும் வெளிய வர்ற வரைக்குமாவது விட்டு வைங்கக்கா" என்று கெஞ்சினோம்.

"பூச்சி பொறக்கறதுக்கு நான் காவலா? செரி, போங்க" என்றாள்.

மூன்றாம் நாள் நாங்கள் போனபோது ஒன்று வெளிவந்திருந்தது. கறுப்பு நரம்புள்ள சாதாரண வெள்ளை! தோழி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இதுக்கா இம்மாம் பாடு? எங்க கொல்லையில கூட்டம் கூட்டமா கீதே!" என்றாள் அக்கா. ஆனால் எங்கள் முகத்தைப் பார்த்து, கடலை அவித்துக் கொடுத்தாள்.

அடுத்த முறை பஸ்ஸை விட்டு இறங்கும்போதே அவள் ரோட்டோரம் நின்று கையசைத்தாள்.

"சீக்கிரம் வாங்க! பறந்துடப் போவுதுன்னு கூடையக் கவுத்து வெச்சிக்கீறேன்!"

கூடையை மெல்லத் தூக்கினோம். வெள்ளை இறகு, நுனியில் பளிச்சென்ற சிவப்பு. அது இறகை இரண்டு முறை அசைத்து, எங்கள் மூவரையும் தாண்டிப் பறந்தது. உடனே நாலைந்து சாதாரண வெள்ளைகள் அதைத் துரத்தின.

"ஐயோ, அடிக்குதுங்களே!" என்று அக்கா முந்தானையை வீசிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். நாங்களும் ஓடினோம்.

கல்தூண்களை அவள் வேலிக்கு உள்பக்கமாக ஒரு முழம் தள்ளி நட்டுக்கொண்டாள்.